வீட்டுக்கு ஒரு ழ

எங்கள் வீட்டுக்கு ழ ஒதுக்கப்பட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பால் பாக்கெட்டோடு கடிதம் வந்தது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் மகளுக்கு அந்த எழுத்தைக் கற்றுத்தர வேண்டும். தவறினால் அந்த எழுத்து உள்ள வேறு வீட்டுக்கு அவள் மாற்றப்படுவாள். துணிமணி அனுப்பத் தேவையில்லை என்று கடைசியில் போட்டிருந்தது.

மகளுக்கு நான்கு வயது. பெயர் குழலி. அந்தப் பெயரை வைத்தது நான். என் மனைவி முப்பிடாதி தென்காசிப் பக்கம். அவள் வாயில் ழ வராது. பிறந்த நாளிலிருந்து குளலி என்றுதான் கூப்பிடுகிறாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

"எங்கிட்ட அந்த எளுத்தே கெடையாது. நீங்கதான் பாத்துக்கிடணும்."

நான் மூன்று நாள் லீவு போட்டேன்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பயிற்சிகள் கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்தன. முதல் பயிற்சி அரிசி. தாம்பாளத்தில் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். வைத்தேன். விரலை எடுத்ததும் அரிசி மூடிக்கொண்டது. நானே எழுதிப் பார்த்தேன். அப்போதும் மூடிக்கொண்டது.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன்.

"புழுங்கலா, பச்சையா?" என்றது ஒரு பெண் குரல்.

"புழுங்கல்."

"அப்ப சரியாத்தான் இருக்கு." வைத்துவிட்டார்.

அடுத்தது சப்பாத்தி மாவு. கயிறு போல உருட்டி வளைத்தேன். நல்ல ழ வந்தது. மகளைக் கூட்டி வரத் திரும்பினேன். வருவதற்குள் அது நிமிர்ந்து நேராகப் படுத்திருந்தது.

"அதுக்கு முதுகு வலிக்குதாம்பா," என்றாள் குழலி.

புதன்கிழமை மாலை அலுவலர் வந்தார். பெயர் ஜெசிந்தா. போனில் பேசிய அதே குரல். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் குழலியின் நாக்கை அளந்தார். பிறகு என் நாக்கை அளந்தார். முப்பிடாதியை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

"வீட்ல ஒண்ணுதான் இருக்கு," என்றார்.

"என்னது?"

"ழ. உங்ககிட்ட ஒண்ணு. பாப்பாவுக்குக் குடுத்துட்டா உங்களுக்கு இருக்காது. தெரியும்ல?"

"யாரும் சொல்லலையே மேடம்."

"இப்ப சொல்லிட்டேன்ல." என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு இல்லாமல் போகப்போகும் சொற்களை எண்ணிப் பார்த்தேன். மழை. தூறல் என்று சமாளிக்கலாம். வாழைப்பழம் கடையில் கையைக் காட்டினால் கிடைக்கும். கிழமைகளுக்குத் தேதி இருக்கிறது. அழுகை போனால் போகட்டும். குழலிக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை.

முப்பிடாதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வேற வீட்டுல போய் இருக்குறதுக்கு இது எவ்வளவோ தேவலை," என்றாள். பிறகு நெடுநேரம் என் கையை விடவில்லை.

வியாழக்கிழமைக்கு ஒரு பயிற்சிதான் மிச்சம். தரையில் கோலமாவால் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, குழந்தையை அதன் மேல் நடக்க விட வேண்டும். கோட்டை விட்டு யாரும் இறங்கக் கூடாது. ஹாலில் போட்டேன். வால் சோபாவுக்கு அருகில் முடிந்தது.

குழலி அடி மேல் அடி வைத்து நடந்தாள். நான் பின்னால் போனேன். சோபாவைத் தாண்டியும் கோடு இருந்தது. வாசலைத் தாண்டியும் இருந்தது. எதிர் வீட்டுக்குள் போனது. அங்கே பென்னட் சார் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தட்டுகளைத் தூக்கி வழி விட்டார்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்றார் பென்னட் சார், சோற்றைப் பார்த்தபடி.

அவர்கள் வீட்டுப் பின்கதவு எங்கள் மாடியின் நடைவழியில் திறந்தது. எங்கள் மாடியில் நான்கு வீடுகள். நான் முப்பது கதவுகள் வரை எண்ணினேன். அவள் எனக்கு முன்னால் வெகுதூரம் போய்விட்டாள். என் சுண்டுவிரல் அளவுக்குத் தெரிந்தாள். மணி மூன்றே முக்கால்.

"குழலி!" என்றேன். திரும்பிப் பார்த்தாள்.

"குழலி, நில்லும்மா!" இந்த முறை குரல் பாதி தூரம்தான் போனது.

மூன்றாவது முறை வாயைத் திறந்தேன். நாக்கு மடங்கியது. காற்று மட்டும் வந்தது.

நடையின் அந்தக் கோடியிலிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"ழ."

அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் கதவு பக்கத்திலேயே இருந்தது. ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மணி நான்கு.

"சொல்லு பாப்பா."

"ழ."

பதிவேட்டில் டிக் போட்டார். என்னைப் பார்த்தார். "இப்ப நீங்க பாப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுறவங்ககிட்டதான் ஒப்படைக்கணும்."

"மகளே," என்றேன்.

"அது பேர் இல்ல."

"தங்கம்."

"அதுவும் இல்ல." கைப்பையைத் திறந்து ஒரு சின்ன கவுனை எடுத்தார். மஞ்சள் நிறம். எங்கள் வீட்டு கவுன் இல்லை. மடியில் விரித்துச் சுருக்கம் நீவினார்.

அடுப்படியிலிருந்து முப்பிடாதி சத்தம் போட்டாள். "ஏ குளலி! பால் ஆறிப்போவுது பாரு!"

"வாரேம்மா!" குழலி உள்ளே ஓடினாள்.

ஜெசிந்தா பதிவேட்டைப் புரட்டினார். "இந்தப் பேர்ல யாரும் இல்லையே."

"ஆனா ஓடினா," என்றேன்.

"ஓடினா," என்று அவரும் ஒப்புக்கொண்டார். 'தாய் வழி' என்று எழுதி மூடினார். கவுனை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் நான் இடம் விட்டு விட்டுத்தான் எழுதினேன். அந்த எழுத்து வரும் இடங்களை மகள் நிரப்பித் தந்தாள். இதுவரை நிரப்பிவிட்டு, போரடிக்கிறது என்று விளையாடப் போய்விட்டாள். மிச்சத்தை அது இல்லாமலே சொல்லிவிடுகிறேன்.

இப்போது சாப்பாட்டு நேரம். முப்பிடாதி கடைக்குப் போயிருக்கிறாள். மகளும் மற்ற பிள்ளைகளும் வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மாடிப்படியில் நின்று பார்த்தேன். தோசை ஆறுகிறது.

நேற்று குளலி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் வந்து என் வாயைக் கையால் பொத்தினாள். "அது அம்மா கூப்புடுற பேருப்பா. நீ சொல்லாத."

அதனால் இன்று கை தட்டினேன். ஆறு பிள்ளைகளும் நின்றார்கள். ஆறு பேரும் படியேறி வந்தார்கள். கால் அலம்பினார்கள். வரிசையாக உட்கார்ந்து என்னை அப்பா என்றார்கள்.

ஆறு தட்டு வைத்தேன். முப்பிடாதி வந்து பேர் சொல்லிக் கூப்பிடும் வரை யாரும் வெளியே போய்விடாதபடி கதவை அடைத்து நின்றுகொண்டேன்.