அரைச் சுற்று

தங்கையைக் கடலுக்கு இழுத்து வந்ததே அக்காதான். கடலடியில் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் முளைத்திருக்கும் கடற்புற்களை எண்ணப் பல்கலைக்கழகம் தன்னார்வ முக்குளிப்பவர்களைத் தேடியது. அக்கா தையற்காரி, நூலிழையை எண்ணிப் பழகிய கண். பல முறை கடலடிக்கு இறங்கியவள். தங்கைக்கு இது முதல் முறை. "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, வீட்டுப் பக்கம் வராத" என்று அம்மா சொன்னது அக்காவின் காதிலேயே நின்றது.

படகில் தங்கை காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வால்வைத் தொறந்தியா?"

"தொறந்துட்டேன்கா. எத்தனை தடவை கேப்ப?"

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எதிரே நின்றபடியே தங்கையின் தோளுக்கு மேலே கையை விட்டு வால்வைத் திருகினாள். அது சுற்றிக்கொண்டே போனது.

"பாத்தியா, பாதிகூடத் தொறக்கலடி!"

முட்டி நின்றதும், வால்வு இறுகிக்கொள்ளாமல் இருக்க, வழக்கப்படி அரைச் சுற்றுப் பின்னுக்கு விட்டாள். தங்கை இரண்டு மூச்சு இழுத்துக் காட்டினாள். காற்று வந்தது. குதித்தார்கள்.

கீழே பத்து மீட்டரில் சட்டத்தை வைத்து எண்ணத் தொடங்கியபோது தங்கை அக்காவின் கையைப் பிடித்தாள். கண்கள் விரிந்திருந்தன. காற்று மீட்டரை நீட்டினாள். அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் முள் தொப்பென்று விழுந்து, விட்டதும் எழுந்தது.

காற்று இருக்கிறது, வழிதான் இல்லை. அந்த ஆழத்தில் ஒரு மூச்சுக்கு, நீருக்கு வெளியே வேண்டியதைப் போல் இரு மடங்கு காற்று வேண்டும். படகில் போதுமாக இருந்த வால்வின் இடுக்கு இங்கே போதாது. அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. எதிரே நின்று திருகியதில் திசை மாறிவிட்டது. திறந்திருந்ததை முழுக்க மூடி, அரைச் சுற்று மட்டும் திறந்து அனுப்பியது அவள் கைதான்.

தன் சிலிண்டரின் உபரி வாய்க்குழாயைத் தங்கையின் வாயில் திணித்தாள். பின்னால் போய் வால்வை முழுக்கத் திறந்தாள். தங்கை மறுபடி தன் குழாயிலேயே மூச்சிழுத்தபோது மீட்டர் முள் ஆடாமல் நின்றது. சட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தங்கையின் கையை விடாமல் மெல்ல மேலே வந்தாள்.

படகில் ஏறியதும் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை முகமூடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா இனிமே வீட்ல பாத்திரம் எல்லாம் நீதான் கழுவற."

"கழுவறேன்டி."

சட்டத்தை எடுக்க மறுபடி இறங்க வேண்டியிருந்தது. தங்கை தானே வால்வைத் திறந்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே மூச்சிழுத்தாள்.

"அக்கா, உன் கை எங்க?"

"இதோ, அது மேலதான் உக்காந்திருக்கேன்."