வக்கீலின் சாம்பல் நிறக் கோட்டு

சலவைக்கடைக்காரருக்கு உருப்படியாகச் சொந்தச் சட்டை ஒன்றுதான். எதற்கு இன்னொன்று? கடையில் தொங்குவதெல்லாம் அவர் அலமாரிதானே! கல்யாணமோ இழவோ, எவன் துணி தேய்த்துத் தயாராக இருக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"என்னைக்காவது சந்தி சிரிக்கப் போகுது," என்பாள் மனைவி.

"போடி. துணியைப் போட்டவன் டெலிவரி தேதி வரைக்கும் அதை நெனைச்சுக்கூடப் பாக்க மாட்டான். அந்த பேங்க் மேனேஜர் தன் கோட்டையே என் மேல பாத்துட்டு, 'எங்க தைச்சீங்க'ன்னு கேட்டாரே! காலர்ல இருந்த தையக்கடை பேரைப் படிச்சுச் சொன்னேன். நன்றின்னுட்டுப் போறாரு."

அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பிடிபடுவது முட்டாள்களுக்கு மட்டும் வருகிற வியாதி என்று முடிவே கட்டிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஒரே மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பையன் அவள் அலுவலகத்திலேயே வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதுதான் பாக்கி.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் உங்க சட்டையையே போட்டுக்குங்களேன்," என்று பையன் வீட்டுக்குப் பேசக் கிளம்புகிற அன்று மகள் கெஞ்சினாள்.

கெஞ்சினால் கேட்கிற பிறவியா? ஒரு வக்கீலின் சாம்பல் நிறக் கோட்டைத் தேர்ந்தெடுத்தார். வக்கீல் வெளியூரில்; மறுநாள்தான் திரும்புகிறார். பையன் வீட்டாருக்கு அவரைத் தெரியவே தெரியாது. அதையும் நைசாக விசாரித்து வைத்திருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை விசாரித்தபோதுகூட இவ்வளவு மெனக்கெடவில்லை.

பையன் வீட்டில் எல்லாம் சுமுகமாகப் போனது. தேதி குறிக்க வேண்டியதுதான். பையனின் அம்மா டீயை நீட்டினாள். கோப்பை சரிந்து கோட்டின் மார்பெல்லாம் வழிந்தது.

"அடடா, மன்னிச்சுக்குங்க சம்பந்தி!"

இவர் துள்ளி எழுந்தார். "தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க! பச்சைத்தண்ணி கொண்டாங்க! நாளைக்கு டெலிவரி, வக்கீல் என்னைத் தொலைச்சுடுவாரு!"

மகள் தலை குனிந்தவள் நிமிரவேயில்லை.

பையனின் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "எங்க வீட்டுத் துணியும் உங்க கடையிலதான் இருக்கு, சார். அதை இன்னைக்கே வாங்கிக்கறோம்." சம்பந்தி, சார் ஆகிவிட்டார்.

வீடு திரும்பியதும் மகள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இவர் குளியலறையில் குத்தவைத்துக் கறையோடு மல்லுக்கட்டினார்.

"எல்லாம் கச்சிதமாத்தான் பாத்து வெச்சேன். டீ வேணாம்னு சொல்லியிருக்கணும். அடுத்த தடவை உஷாரா இருக்கணும்."

"அடுத்த தடவையா?" என்றாள் மனைவி. "அதுக்கு இன்னொரு பொண்ணை எந்தக் கடையில வாடகைக்கு எடுக்கப் போறீங்க?"