வைரம் இல்லைங்க, மாய்சனைட்

அவளுக்கு ‘நறுக்கு’ என்று பேர் வைத்தது நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், கணவனின் அக்கா தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த புதுத் திரைச்சீலைகளைக் காட்டி “எப்படி இருக்கு?” என்று கேட்டாள். “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு அண்ணி” என்றாள் புது மருமகள். அன்று ஒட்டிக்கொண்ட பேர் உதிரவே இல்லை. அவளுக்குப் பொய் பிடிக்காது என்றெல்லாம் இல்லை. ஒரு பொய்யை யோசித்துத் தயார் செய்வதற்குள் உண்மை முந்திக்கொண்டு வாயிலிருந்து விழுந்துவிடும், அவ்வளவுதான்.

பல் செய்கிற லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சின்னச் சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிற மாதிரி ஒரு பல்லை உண்டாக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அவள் செய்த பற்களைக் காட்டி ஊரில் எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தரிடமும் யாரும் “நிஜப் பல்லா?” என்று கேட்டதில்லை.

கல்யாணச் சங்கிலி பீரோவுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் கை கழுத்தைவிட்டு இறங்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதா, சங்கிலியைப் பிடிப்பதா? பயமில்லாமல் தினமும் போட்டுக்கொள்ள ஒன்று வேண்டும் என்று, இரண்டு மாதம் கூடுதல் நேரம் வேலை பார்த்து மாய்சனைட் சங்கிலி வாங்கினாள். வெள்ளியில் கோத்த பதினெட்டுக் கற்கள், ஒவ்வொன்றும் மிளகில் பாதி. பூமியைத் தோண்டி எடுத்ததல்ல. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கல். குளித்தாள், துணி துவைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், தூங்கினாள், எல்லாம் அதோடுதான். அழுக்குப் படிந்தால் பழைய டூத் பிரஷ்ஷில் சோப்பைத் தொட்டு இரண்டு தேய்ப்பு. மறுபடியும் பளிச்.

பளிச் என்றால் சாதாரணப் பளிச் இல்லை. லேப் மேசை விளக்கின் கீழே குனிந்தால் சுவரெல்லாம் வானவில் பொட்டுகள் ஓடின. ஒரு பொட்டு போய்ச் செய்துகொண்டிருந்த கடைவாய்ப் பல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. நிறம் பார்க்க முடியாமல் அவள் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

“வைரமாம்மா?” என்றார் முதலாளி.

“வைரம் இல்லைங்க, மாய்சனைட்.”

எதிர் மேசையில் பிளாஸ்டர் மாவைக் கலக்கி அச்சு வார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். “சைட்டா? எந்தப் பக்கம் சைட்டு?” என்றார்.

“சைட்டு இல்லண்ணே, கல்லு. கல்லோட பேரு.”

“கல்லு ஊனி எல்லையெல்லாம் அளந்தாச்சா? பலே!”

சாயங்காலத்துக்குள் லேப் முழுக்கச் சேதி பரவிவிட்டது: நறுக்கு கழுத்தில் வைரம், அது போதாதென்று எங்கேயோ மனையும் வாங்கிப் போட்டிருக்கிறாள், கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

அவள் திறந்த வாயை மூடவில்லை என்பதுதான் உண்மை. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். ரசீதைக் கொண்டுவந்து காட்டினாள். “ரசீதையே குறைச்சுப் போட்டு வாங்கியிருக்கா பாரு, விவரமானவ” என்றார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், “நானும் கூடத்தான் போனேன், வைரம் இல்லீங்க” என்று சாட்சி சொன்னான். “பாவம், பொண்டாட்டிக்குப் பயந்து சொல்றான்” என்று அவனுக்கும் ஒரு பட்டம் கிடைத்தது.

முதலாளியின் நாக்கில் ‘ஏம்மா’ போய் ‘மேடம்’ வந்து உட்கார்ந்தது. மாவுத் தூசியை இழுத்து வெளியே தள்ள ஒரு காற்றாடி வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமும் ‘பார்க்கலாம்’ என்றவர், சங்கிலி வந்த நாலாம் நாள் சுவரில் ஓட்டை போட்டுக் காற்றாடியை மாட்டிவிட்டார்.

“காத்து போதுமா மேடம்?”

“போதுங்க.”

“புது மெஷின் ஒண்ணு இறக்கலாம்னு யோசனை. நம்ம ஆளா ஒருத்தர் பங்குக்கு வந்தா நல்லாருக்கும்...”

“என்கிட்ட ஏதுங்க அவ்வளவு காசு?”

முதலாளி ரசித்துச் சிரித்தார். “நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க!”

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் நாத்தனார் விடவில்லை.

நாத்தனாருக்கும் ஒரு சங்கிலி இருந்தது. பெயிண்ட் கடை வைத்திருக்கும் கணவர், இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு வாங்கித் தந்த ஒற்றைக்கல் வைரம். குடும்பத்தில் வைரம் என்றால் அது ஒன்றுதான். எந்தப் பேச்சை எடுத்தாலும் நாலாவது வாக்கியத்தில் நாத்தனாரின் விரல் அந்தக் கல்லுக்குப் போய்விடும். இப்போது தம்பி பெண்டாட்டி கழுத்தில் பதினெட்டு! இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இருவரையும் கூப்பிட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் நாத்தனார் அலமாரியிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து வந்தாள். “வைரம் பாக்குற மெஷின். தபால்ல வரவழைச்சேன். முனையைக் கல்லுல வச்சா, வைரமா இருந்தா கத்தும். இல்லைன்னா கம்முனு கிடக்கும். உக்காரு, உன் வேஷத்தைக் கலைச்சிடலாம்.”

“எதுக்கு அண்ணி? நான்தான் வைரம் இல்லைன்னு சொல்றேனே.”

“நீ சொல்லுவ. மெஷின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

சங்கிலியை விற்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் கருவி கல்லில் சூடு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்த்துத்தான் சத்தம் போடும். வைரம் மாதிரியே மாய்சனைட்டிலும் சூடு சட்டென்று பரவும். அதனால் இரண்டுக்கும் ஒரே கத்தல்தான். நறுக்கு இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் முனை கல்லில் பட்டது.

கீங்ங்.

நாத்தனார் அடுத்த கல்லில் வைத்தாள். கீங்ங். பதினெட்டும் ஒன்றுவிடாமல் கத்தித் தீர்த்தன.

“அடிப்பாவி! என் தம்பியை என்ன பாடு படுத்தி வாங்குன?”

“அக்கா, அது...” என்று தம்பி ஆரம்பித்தான்.

“நீ சும்மா இருடா.” நாத்தனார் மூச்சு வாங்கினாள். “உன்னோடது இந்தக் கத்து கத்துதுன்னா என்னோடது எப்படிக் கத்தும் பாரு. பழைய வைரம், ஜாதி வைரம்.” முனையைத் தன் கல்லில் வைத்து அழுத்தினாள்.

சத்தமில்லை.

துடைத்துவிட்டு வைத்தாள். ஊதிவிட்டு வைத்தாள். புடவைத் தலைப்பால் தேய்த்து, தட்டி, மறுபடியும் வைத்தாள். கருவி சாமியார் மாதிரி மௌனம் காத்தது.

நறுக்கு நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரம் செய்தித்தாள் விரித்திருந்த பெயிண்ட் கடைக்காரரின் முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. அந்தக் கண்கள் அவளிடம் எதையோ மன்றாடின. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

“என்னடி இது?” நாத்தனாரின் குரல் முதல்முறையாகச் சின்னதாகிவிட்டது. “என்னோடது ஏன் கத்தல?”

கூடமே நறுக்கின் வாயைப் பார்த்தது. கணவன் கண்ணை மூடிக்கொண்டான். உண்மை வெளியே விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

“பேட்டரி தீந்துபோச்சு அண்ணி” என்றாள் நறுக்கு. “நல்ல மெஷினாவும் தெரியல. என்னோடது கண்டிப்பா வைரம் இல்ல. அதுக்குப் போய் அந்தக் கத்து கத்துச்சே, அப்புறம் உங்களோடதுக்கு எப்படி ஒழுங்கா வேலை செய்யும்?”

நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள், வெள்ளத்தில் போகிறவள் கட்டையைப் பிடிப்பது மாதிரி. “அதானே! மெஷின்தான் டூப்பு. நீதான் அப்பவே சொன்னியே, உன்னோடது வைரம் இல்லைன்னு. உன் வாயில பொய்யே வராதே!”

இரண்டு மாதமாகச் சொன்ன உண்மையை அன்றைக்குத்தான் ஒருத்தர் நம்பினார். அதுவும் ஒரு பொய்யைத் துணைக்கு அனுப்பிய பிறகு.

நாத்தனார் எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள்: “அவளோடது வைரமே இல்ல, என்னமோ சனைட்டாம், அவளே ஒத்துக்கிட்டா.” லேப் முதலாளி பெயிண்ட் கடையில் பழைய வாடிக்கை, சேதி அங்கேயும் போய்விட்டது. மறுநாள் ‘மேடம்’ மலையேறி ‘ஏம்மா’ திரும்பி வந்தது. காற்றாடியைக் கழற்றினால் சுவரில் ஓட்டை தெரியும் என்பதால் அது தப்பியது. ஆனால், “ஏம்மா, தூசி ரொம்ப இருந்தா மட்டும் போடு” என்றார் முதலாளி, ஏமாற்றப்பட்ட மனிதரின் குரலில்.

நறுக்குக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பொய் அவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்ததுதான் அவளை அரித்தது. ஒரு சிக்கல், ஒரு தடுமாற்றம் வேண்டாமா?

பத்து நாள் கழித்து பெயிண்ட் கடைக்காரர் லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அன்னிக்கு நீ என் மானத்தைக் காப்பாத்துன. வாங்கப் போற நேரத்துல கடை படுத்துப்போச்சு. உங்க அண்ணி அதுக்குள்ள வைரம் வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. என்ன பண்றது? கண்ணாடிக்குக் கொஞ்சம் மேல ஏதோ ஒரு கல்லு.”

“அண்ணிகிட்ட உண்மையைச் சொல்லிடுங்கண்ணா.”

“உண்மையா? நீ ரெண்டு மாசமா அதைத்தானே சொன்ன, எத்தனை பேர் நம்புனாங்க?” அவர் குரலைத் தாழ்த்தினார். “அவ தினம் மெஷினைக் கையில எடுத்து எடுத்துப் பாக்குறா. புது பேட்டரி வாங்கிட்டு வரச் சொல்லி மூணு நாளாச்சு. எவ்வளவு நாள் மறந்துபோற மாதிரி நடிக்கிறது? உன் கல்லு கத்துச்சே, அது மாதிரி ஒண்ணு எங்க கிடைக்கும்?”

நறுக்கு அவரைப் பார்த்தாள். கையில் பெயிண்ட் கறை, சட்டைப் பையில் தூரிகை விளம்பரப் பேனா, முகத்தில் இருபத்தைந்து வருஷப் பயம். கோட்டுப் பையிலிருந்து காகிதம் எடுத்து, கடையின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

நாத்தனாரின் சங்கிலி ‘பாலிஷ் போட’ப் போய், மூன்று நாளில் புதுக் கல்லோடு திரும்பி வந்தது. பேட்டரியும் கூடவே வந்தது.

அன்று காலை பதினோரு மணிக்கு லேப் போன் அலறியது.

“நறுக்கு! கத்துதுடி! என்னோடது கத்துது! பேட்டரிதான் கோளாறு, நீ சொன்னது சரி!”

“ரொம்பச் சந்தோஷம் அண்ணி.”

“இரு, என்ன சந்தோஷம்? மெஷின் நல்ல மெஷின்தான்னு ஆயிடுச்சு. அப்போ அன்னிக்கு உன்னோடது பதினெட்டும் கத்துச்சே?”

நறுக்கு போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“என் மூஞ்சிக்கு நேரா உக்காந்துக்கிட்டு வைரம் இல்லைன்னு சாதிச்சியேடி! இத்தனை வருஷத்துல நீ ஒரு பொய் சொல்லுவேன்னு நான் கனவுலகூட நெனைக்கல.”

“தப்புதான் அண்ணி” என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“போகட்டும் விடு. நம்ம குடும்பத்துல ரெண்டு வைரம்னு இருந்துட்டுப் போகட்டும். யார்கிட்டயும் சொல்லிக்காத, காலம் கெட்டுக் கிடக்கு.”

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற சேதியை நாத்தனாரே எல்லாரிடமும் சொன்னாள். மத்தியானம் முதலாளி பெயிண்ட் கடைப் பக்கம் போய்வந்தவர், நேரே நறுக்கின் மேசைக்கு வந்தார். தொண்டையைச் செருமினார்.

“மேடம்... அது வைரம்தானாமே?”

அச்சுக்காரர் மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கேட்கிற காதை இந்தப் பக்கம் திருப்பினார். நறுக்கு தூரிகையைத் துடைத்து வைத்தாள். வாயில் வழக்கமான பதில் வந்து நின்றது. அதை இதுவரை எத்தனை தடவை சொல்லியிருப்பாள், அதனால் என்ன ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தாள்.

“அதை விடுங்க” என்றாள். “பன்னிரண்டு வருஷமா இந்த மொட்டை ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். முதுகு சாய ஒரு நாற்காலி வேணும்.”

“அதுக்கென்ன மேடம்!” என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை நாற்காலி வந்தது. சக்கரம் வைத்தது, உயரம் கூட்டிக் குறைக்கலாம்.