பந்தக்காரன் மேடு

தில்லைநாயகம் சார் எழுதியது ஒரே ஒரு புத்தகம். அந்த ஒன்றுக்கே தென்காசியில் அவருக்கு நடந்த மரியாதையைப் பார்த்தால், இன்னும் இரண்டு எழுதியிருந்தால் மனுஷன் தரையில் கால் வைத்து நடந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், வீடு மேலகரத்தில். செங்கோட்டை நம்மோடு சேர்ந்த மறு வருஷம், ஐம்பத்தேழில், 'புளியரைக் கணவாய்ச் சரித்திரம்' என்று நூற்றிருபது பக்கத்தில் அந்தப் புத்தகத்தைப் போட்டார். மலைக்கு இந்தப் பக்கம் யாருடையது, அந்தப் பக்கம் யாருடையது என்று டீக்கடைக்கு டீக்கடை வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த காலம். அதனால் நன்றாகவே விற்றது. அப்புறம் ஆறு வருஷமாகக் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் போதும், பழக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் நடுவே அதுவும் கயிற்றில் தொங்கும். குளிக்க வந்தவர்கள் வாங்கி, ஈரத் துண்டோடு சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

அதில் எல்லாரும் விரும்பிப் படித்தது ஏழாம் அத்தியாயம். மேற்கேயிருந்து ஒரு படை வருகிறது. நம் பக்கத்து ஆட்கள் நூறே பேர் கணவாயை மறித்து ஏழு நாள் நிற்கிறார்கள். எட்டாம் நாள், கூடவே இருந்த பந்தக்காரன் ஒருவன் எதிரிக்குத் தீப்பந்தம் பிடித்துக் காட்டு வழியைக் காட்டிக் கொடுத்துவிடுகிறான். நூறு பேரும் மாண்டார்கள். பந்தக்காரனை ஊர் கூடிக் கல்லால் அடித்துக் கொன்றது. புளியரைக்கு மேலே, மலை ஏறும் சாலையோரம் கிடக்கும் கற்குவியல்தான் அந்த இடம். 'இன்றும் அவன் வம்சத்தார் ஆடிக் கடைசி வெள்ளியில் அங்கே விளக்கேற்றி முன்னோன் பாவத்தைக் கழிக்கிறார்கள்' என்று அத்தியாயம் முடியும். அடியில் பொடி எழுத்தில், 'வடகரையில் ஒரு பழைய வீட்டில் இருந்த ஏட்டில் கண்டது' என்று ஒரு குறிப்பு.

புத்தகம் வருவதற்கு முன்னால், மலை ஏறும் வண்டிக்காரர்கள் அங்கே இறங்குவார்கள். ஒரு கல்லைப் பொறுக்கி அந்த மேட்டில் வைத்துவிட்டு மாட்டை ஓட்டுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அப்பன் வைத்தான், மகனும் வைத்தான். புத்தகம் வந்த பிறகு வைப்பது போய் எறிவது வந்தது. பஸ் ஜன்னல் வழியாகவே எறிந்தார்கள். காறித் துப்புகிறவர்களும் உண்டு.

அறுபத்துமூன்று ஆடியில், ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், இரண்டு பெண்கள் சாரைத் தேடி வந்தார்கள். தாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், வெறும் நெற்றி. மகளுக்கு இருபது. மகள் கையில் அந்தப் புத்தகம்.

"நாங்க புளியரையில இருந்து வாறோம் சார்," என்றாள் தாய். "எம் பேரு இராமலட்சுமி. இவ முத்துவடிவு. பந்தக்காரர் வீடும்பாவ எங்கள. கோயில் சப்பரத்துக்கு முன்னால பந்தம் பிடிக்கிறது எங்க வீட்டு ஆம்பளையதான்."

அந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது என்பது சாருக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினார். அவர்கள் படிப்பார்கள் என்பதைத்தான் அவர் நினைக்கவில்லை.

முத்துவடிவுதான் விஷயத்தைச் சொன்னாள். வாசுதேவநல்லூர் தளவாய் என்பவரின் மகனுக்கு அவளை ஆனியில் நிச்சயம் செய்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். நடுவில் சம்பந்தக்காரர் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார், புத்தகம் வாங்கினார், படித்தார்.

"காட்டிக் குடுத்தவன் வீட்டுல பொண்ணெடுக்க மாட்டேம்னு ஆள் விட்டுச் சொல்லிட்டாவ சார்," என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது. ஆனால் கண்ணை அவர் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"நாங்க சண்டைக்கு வரல சார்," என்றாள் இராமலட்சுமி. "இது நெசந்தானா? அத மட்டும் சொல்லுங்க. படிச்சவிய நீங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

வராண்டாவில் மற்ற வாத்தியார்கள் நின்றார்கள். போன வாரம்தான் அந்தப் புத்தகத்தைத் துணைப்பாடமாக வைக்கப்போகிறார்கள் என்று தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் சொல்லி, சாருக்கு மாலை போட்டிருந்தார். மாலை வாடக்கூட இல்லை.

"ஏட்டுல இருக்கும்மா," என்றார் சார். "சரித்திரம். நான் என்ன செய்ய முடியும்?"

இராமலட்சுமி தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி சார். அப்போ நெசந்தான்," என்று மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும். தலையாட்டியதுதான் அவரைக் கொன்றது.

ஏடு என்று ஒன்று கிடையாது. ஐம்பத்தைந்தில் சார் அந்தச் சாலையில் பஸ்ஸில் போனபோது டயர் பஞ்சராகி அந்த மேட்டருகே வண்டி நின்றது. தூறலில் ஒரு பெண் சேலைத் தலைப்பை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். "யாருப்பா அது?" என்று கண்டக்டரைக் கேட்டார். "பந்தக்காரர் வீட்டு ஆளு," என்றான் அவன். சார் இறங்கவில்லை. இறங்கிப் பத்தடி நடந்து, 'ஏன் தாயி விளக்குப் போடுதே' என்று கேட்டிருக்கலாம். மழை, புது வேட்டி, சேறு. இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் எழுதும்போது, நூறு வீரர்கள் எப்படித் தோற்றார்கள் என்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நம் ஆட்கள் சும்மா தோற்றார்கள் என்று எழுத அவருக்கு மனசு வரவில்லை. கல்லும் இருந்தது, விளக்கும் இருந்தது, பந்தமும் இருந்தது. ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்தார். எழுதின கையோடு தானே படித்துக் கண் கலங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, புதன்கிழமை அச்சாபீசுக்குப் போனார். அச்சாபீஸ் பரீதுடையது. துணைப்பாடப் பதிப்புக்கு அங்கே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

"பரீது, ஏழாம் அத்தியாயத்த எடுத்துரும்வே."

பரீது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அத எடுத்துட்டா புஸ்தகத்துல மிச்சம் என்ன இருக்கு அண்ணாச்சி? மழை எத்தன அங்குலம் பெய்யுது, மலை எத்தன அடி ஒசரம், அதுதான் இருக்கு."

"அது பொய். நான் கட்டுனது."

பரீது கண்ணாடியை மறுபடி இறக்கிப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கே கேட்டேன். ஏட்டக் கொண்டாங்க, ஒரு படம் பிடிச்சுப் போடுவோம்னு. மக்கி ஒடஞ்சு போச்சுன்னு சொன்னிய. மேல கேட்டா தப்பா நெனைப்பியளேன்னு விட்டுட்டேன்." அச்சில் இருந்த பக்கத்தைக் கையால் தடவினார். "இங்கன எடுத்துரலாம் அண்ணாச்சி. வித்ததுல இருந்து எப்படி எடுப்பிய? மொதல்ல அந்தப் பொண்ணு காரியத்தப் பாருங்க."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினார். மானம் போனால் போகட்டும், மாலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஒரு பெண் வாழ்ந்தால் போதும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம் எழுதியவரே வீடு தேடி வந்துவிட்டார்! நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, வீட்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, ஏழாம் அத்தியாயத்தைப் பாராமல் ஒப்பித்தார். ஓர் இடத்தில் சாரே மறந்திருந்த வரியை அவர் சொன்னார்.

"அண்ணாச்சி, நான் அதப் பத்தித்தான் பேச வந்தேன்," என்றார் சார். "அது அம்புட்டும் பொய். ஏடு கெடையாது. பந்தக்காரனும் கெடையாது. எல்லாம் நான் கற்பனையா எழுதுனது. அந்தப் பொண்ணு வீட்டுமேல ஒரு குத்தமும் இல்ல."

தளவாய் மெல்லச் சிரித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இந்த மனசு யாருக்கு சார் வரும்? ஒரு பொம்பளப்புள்ள வாழணும்னு, எழுதுனதையே இல்லேங்கியளே."

"இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான்…"

"சார், எங்கிட்டயா? அந்த ஏட்ட எங்க பெரியப்பாவே பாத்திருக்காவ. வடகரையில. செவப்புத் துணியில சுத்தி, உத்தரத்துல கட்டி வச்சிருப்பாவளாம்."

எந்த வீட்டில் என்று கேட்கச் சாருக்கு வாய் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் அவருக்கே சந்தேகம், உண்மையிலேயே ஒரு ஏடு இருக்குமோ என்று. அப்புறம் உடம்பெல்லாம் கூசியது. காகிதம் வாங்கி, 'ஏழாம் அத்தியாயம் முழுதும் என் கற்பனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். தளவாய் அதை இரண்டு கையாலும் வாங்கிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்து மூடினார்.

"ஒங்க நல்ல மனசுக்கு இது சாட்சியா எங்கிட்ட இருக்கட்டும். ஆனா சம்பந்தம் வேண்டாம் சார். ஊரு அந்த மேட்டுல எறியுத கல்லு நாளைக்கு எங்க வீட்டுமேலயும் விழும்லா?" என்று பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார்.

அடுத்து மூன்று நாள் சார் பள்ளிக்கூடத்தைத் தவிர எங்கேயும் போகவில்லை. வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புளியரைக்குப் போனார். மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. மேட்டருகே பஸ் நிற்காது; ஊரிலேயே இறங்கி விசாரித்துக்கொண்டு போனார். ஓட்டு வீடு. கூடத்துச் சுவரில் பந்தம் சாய்த்து வைத்திருந்தது. இராமலட்சுமி பாய் விரித்தாள். முத்துவடிவு உள்ளேயிருந்து வந்து சுவரோரம் நின்றாள்.

சார் எல்லாவற்றையும் சொன்னார். ஏடு இல்லாததை, பஸ்ஸை விட்டு இறங்காததை, வராண்டாவில் பொய் சொன்னதை, தளவாய் நம்பாததை. சொல்லி முடித்ததும் குனிந்து இராமலட்சுமியைக் கும்பிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை.

"ஐயோ, எந்திரிங்க சார்," என்று அவள் பதறினாள். "எங்க மனசு ஆறணும்னுதான இம்புட்டுத் தூரம் வந்து சொல்லுதிய."

"நீங்களுமா தாயி?" என்றார் சார். "சொல்லுங்க. அன்னைக்குக் கேக்காதத இன்னைக்குக் கேக்கேன். எதுக்கு அங்க விளக்குப் போடுதிய?"

இராமலட்சுமி யோசித்தாள். "எங்க மாமியா சொல்லுவாவ. நம்ம பாட்டன் ஒருத்தரு வழி காட்டுனாரு, அங்கன செத்தாரு, வெளக்குப் போடணும்னு. அம்புட்டுத்தான்."

"யாருக்கு வழி காட்டுனாரு?"

"அது தெரியாது சார். யாவாரிக்கோ, மலையில வழி தப்புனவனுக்கோன்னு நெனச்சிருந்தோம். கேட்டுக்கிட்டதில்ல." அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "இப்போ ஒங்க புஸ்தகத்தப் படிச்சுக் கேட்டதுல இருந்து, அந்தப் படைக்காரவியளுக்குத்தான் காட்டியிருப்பாரோன்னு இருக்கு."

அந்த வீட்டாருக்கு என்று இருந்தது அந்த ஒரு வரி. அதையும் சார் நஞ்சாக்கிவிட்டார்.

முத்துவடிவு உள்ளே போய் ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க சார்."

"என்னம்மா எழுத?"

"வேற ஒரு ஏடு கெடச்சுதுன்னு எழுதுங்க. எங்க பாட்டன் நம்ம ஆளுவளுக்குத்தான் வழி காட்டுனாருன்னு, எதிரி அவர அடிச்சுக் கொன்னான்னு எழுதுங்க. நீங்க நெசத்தச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ. எழுதுனாத்தான் நம்புதாவ."

"இனிமே நான் பொய் எழுத மாட்டேம்மா."

"எங்க தலைமேல எழுதும்போது மட்டும் கை வந்துச்சே சார்," என்றாள் அவள்.

வெளியே மலையேறும் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. சார் பேனாவை எடுத்தார். 'வடகரையில் ஒரு பழைய வீட்டில், சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருந்த வேறோர் ஏட்டில்' என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே சாயங்காலத்தில் நூறு பேரைக் கொன்று தீர்த்த கை, நோட்டின் மேல் அப்படியே நின்றது.

இராமலட்சுமி எழுந்துபோய் மாடத்திலிருந்து அகல்விளக்கை எடுத்துவந்தாள். துடைத்து வைத்திருந்தாள், திரி போடவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் கேட்பதுபோல் தணிந்த குரலில் கேட்டாள்.

"நாளைக்கு நாங்க வெளக்குப் போடலாமா சார்?"