முப்பத்தொன்றாவது சோதனை

அடுப்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்த எலக்ட்ரானிக் போர்டில் சென்சார், திரை, பொத்தான்கள் மூன்றுக்கும் ஒரே தடம்தான். ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். பேசுவது லாக் போடும், முடித்ததும் விடும். சென்சார் பதிலே சொல்லாமல் போனாலும் லாக்கை விட்டுவிட, இளமதி சென்சாரை இயக்கத் தான் எழுதிய டிரைவர் புரோகிராமில் நான்கு வரிகள் சேர்த்திருந்தாள்.

டீம் லீடர் விமல் அவற்றை அழித்தான்.

"இன்னாம்மா, கதை எழுதிக்கினு இருக்கே? சென்சார் எழுந்து ஓடியா பூடும்?" என்றான். கும்மிடிப்பூண்டி ஆபீஸே சிரித்தது. மறுவாரம் ஃபைலின் தலைப்பில் அவன் பெயர் இருந்தது. அவள் டெஸ்டிங் மேசைக்குப் போயிருந்தாள். தப்பு தன்னுடையதுதானோ என்று இரண்டு மாதம் குழம்பினாள்.

போர்டின் சோதனைப் பட்டியலில் முப்பத்தொன்றாவது, போர்டு ஓடும்போதே சென்சார் ஒயரைக் கழற்றுவது. விமல் அதைச் செய்யாமலே கையெழுத்துப் போட்டிருந்தான். இன்று காலை, யாரும் வருமுன் இளமதி கழற்றினாள். லாக் விடுபடாமல் திரை உறைந்தது. மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் உறைந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வாய்வரை வந்ததை டீயோடு விழுங்கினாள்.

பதினோரு மணிக்கு போர்டை வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். திரையில் எண்கள் அழகாக ஏறின. மேனேஜர் ஜெரால்டுக்கு முகமெல்லாம் பல்.

"வேற டெஸ்ட் எதுனா காட்டணுமா?" என்று வந்தவர்களைக் கேட்டார்.

"முப்பத்தொண்ணு இருக்கு சார்," என்றாள் இளமதி.

"அதான் ஓகே பண்ட்டேனே," என்றான் விமல்.

"ஓகேன்னா காட்றதுல இன்னா சார் பேஜாரு?"

வந்தவர்கள் சிரித்துத் தலையசைத்தார்கள். அவள் ஒயரை உருவினாள்.

எண் எண்பத்து நான்கில் நின்றது. அடுப்பு மட்டும் சூடேறிக்கொண்டே போனது. விமல் நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். மறுபடி, மறுபடி அழுத்தினான். அவன் கழுத்தில் வேர்வை இறங்குவதை அவள் அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகுதான் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

வந்தவர்கள் சாப்பிடாமலே கிளம்பினார்கள்.

"இவ எழுதுன டிரைவர் சார்," என்றான் விமல். இளமதி ஃபைலின் மாற்றப் பதிவைத் திறந்து, அழித்த வரிகளையும் அழித்தவன் பெயரையும் காட்டினாள். ஜெரால்ட் படித்துப் பார்த்தார். விமலை வெளியே போகச் சொன்னார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"காலைல சார்."

"காலைலயே சொல்லிருந்தா ஆர்டர் போயிருக்காதேம்மா."

"போயிருக்காது சார்," என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்கவில்லை.