மேற்பார்வைக்கு யார் கூலி

விடியுமுன் பள்ளிக் கழிப்பறைகளைக் கழுவி முடிக்க வேண்டும். மோட்டார் பழுது. நாகஜோதி அக்கா கிணற்றில் இறைக்க, நான் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். இரவெல்லாம் பள்ளிக்குக் காவல் நின்ற கால்கள் கடுத்தன. பிளீச்சிங் பவுடர் நெடி தொண்டையை அறுத்தது.

மானகிரி சாலையில் இருக்கும் இந்த உதவிபெறும் பள்ளியை நிர்வாகம் கடனில் தள்ளியது. கணக்கைப் பார்க்க அரசு ஒரு தனி அலுவலரை அனுப்பியது. அவர் சம்பளம், கார், டிரைவர் எல்லாம் பள்ளி நிதியிலிருந்தே தரவேண்டும் என்று உத்தரவு. நாங்கள் நிர்வாகம் வைத்த ஆட்கள்; எங்கள் கூலியும் அதே நிதியிலிருந்துதான். அந்தச் செலவைக் காட்டி, பள்ளிச் செயலர் உடையப்பன் எங்கள் கூலியைப் பாதியாக்கினார்.

டிரைவராகப் போனவன் காளிராஜ். அதுவரை எங்களோடு பெருக்கியவன். இப்போது இஸ்திரிச் சட்டை, முழுச் சம்பளம். லைசென்ஸ் என்னிடமும் இருந்தது. அவன் கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். நம் சோற்றை அவன்தான் தின்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். நம்பினார்கள். அவனை நீக்கச் சொல்ல, அன்று காலை செயலர் அறைக்குப் போனோம்.

உடையப்பன் சிரித்தார். "அம்புட்டுத்தானா? அவனை நிறுத்திருவோம். நீயே வண்டிய ஓட்டு, மாயக்கண்ணா."

மனதுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டேன்.

"அப்ப எங்க பழைய சம்பளம் வந்துருமாய்யா?" என்று கேட்டார் நாகஜோதி அக்கா.

"அது எப்படி ஆத்தா வரும்? எவன் ஓட்டுனாலும் செலவு செலவுதான?"

"கடன் வாங்குனது நீங்க. ஆள் அனுப்புனது கவர்மெண்டு. கக்கூஸ் கழுவுறவ எதுக்குக் குடுக்கணும்?"

"இஷ்டமில்லாட்டி நின்னுக்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "என்னடா, ஓட்டப் போறியா?"

"ஆசைதான்க்கா. ஒங்க கூலியிலதான் டீசல் ஊத்தணும்னா வேணாம்."

"அப்பக் காளிராஜே இருக்கட்டும்" என்றார் செயலர்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காளிராஜ் உள்ளே வந்து சாவியை மேசையில் வைத்தான். "எல்லாருக்கும் முழுசாக் குடுங்க. அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்யா."

வெளியே வந்ததும் என்னைப் பார்த்தான். "ரொம்ப எரிஞ்சுச்சோ?"

"இன்னமும் எரியுதுடா."

"எரியட்டும். வா."

போர்டிகோவில் காருக்கு முன்னால் உட்கார்ந்தோம். தனி அலுவலர் வந்து டிரைவரைத் தேடினார். காளிராஜ் எழவில்லை.

"ஒங்க சம்பளத்தை யாரு குடுக்கிறதுன்னு மேல கேளுங்க சார்" என்றார் அக்கா. "பதில் வர்ற வரைக்கும் நாங்க இங்குட்டுத்தான் இருப்போம்."

அவர் செல்போனை எடுத்தார். யாரை அழைத்தாரோ, தெரியாது. எங்களைப் போலவே பாதிக் கூலி வாங்கும் தோட்டக்காரரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். நானும் காளிராஜும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து, நடுவில் அவருக்கு இடம் விட்டோம்.