வெள்ளைக்கு ஒரு பங்கு

திருவொற்றியூர் ஸ்கேன் சென்டரில் புஷ்பவல்லிக்குக் குடிக்கக் கொடுத்த பாட்டிலில் பார்வைக்கு வெறும் தண்ணீர்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் சாவியோ. ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பாட்டிலில் கெட்டியான வெள்ளை. அவள் புருஷன் ராமதாஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஏலத்தில் அடுத்தவன் கூடையில் வஞ்சிரமும் தன் கூடையில் காரப்பொடி மீனும் விழுந்தால் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி.

"இன்னாமே, எப்டி கீது?"

"சக்கரத் தண்ணி மாரி கீதுய்யா."

அவன் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தான். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

மீன்பிடித் தடைக்காலம் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டதால்தான் இதெல்லாம் அவன் கண்ணில் பட்டது. நாலு வாய் தின்றதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்வதும், வளையல் முழங்கை வரை ஏறுவதும். மற்ற மாதங்களில் அவன் கடலில் இருப்பான். மீன்களின் வயிற்றை மட்டும் அக்கறையாகப் பார்ப்பான். நாளை விடியலில் தடை முடிகிறது. போட் கடலுக்குக் கிளம்பினால் திரும்பப் பத்து நாளாகும். ஸ்கேன் முடிவைச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுகிறோம் என்றிருந்தார்கள். தெரிந்துகொண்டு போகவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

போட்டில் யாருக்கு எது கிடைத்தாலும் பங்குதான். பீடியும் பங்கு, குழம்பும் பங்கு. அந்தப் பழக்கம் கரையேறி ஸ்கேன் சென்டருக்குள்ளும் வந்தது.

"நைனா, நீ பாதி குடு. இத்துல பாதி நீ வாங்கிக்க."

"எடுத்துக்கப்பா. சுண்ணாம்ப நக்கற மாரி கீது, கலீஜு," என்றார் சாவியோ, விமோசனம் கிடைத்தவராக.

"யோவ், அவங்க குடுத்தத குடிச்சிட்டு கம்னு இருப்போம்யா."

"குடிமே. இதான் ஸ்ட்ராங்கு."

மருந்தின் வீரியத்தை நிறத்தை வைத்தே நிர்ணயித்துவிட்டு, அவள் கடைசி மடக்கை விழுங்கும்வரை அவன் எதிரிலேயே நின்றான்.

கூப்பிட வந்த டெக்னீஷியன் லுப்னா, புஷ்பவல்லியின் மேலுதட்டில் வெள்ளை மீசையைப் பார்த்தாள். பிறகு சாவியோவின் பாட்டிலை. பிறகு ராமதாஸை. அவன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தான்.

"அண்ணா, அந்த வெள்ளை குடலுக்குள்ள லைட் போட்ட மாதிரி. எது கட்டி, எது குடல்னு பிரிச்சுக் காட்டும். இவருக்கு அதான் வேணும். அக்காவுக்குக் குடலோட சுவத்துல புண்ணு இருக்கா, சுருங்கி இருக்கான்னு பாக்கணும். இனிப்புத் தண்ணி குடிச்சா உள்ள இருட்டா இருக்கும், சுவரு மட்டும் பளிச்சுன்னு தெரியும்."

"ரெண்டும் குடிச்சா ரெண்டும் தெரியும்ல?"

"எதிர்ல டேங்கர் லாரி ஹெட்லைட்ட மூஞ்சில அடிச்சா, அதோட நம்பர் தெரியுமா? வெள்ளை முழுசா வெளிய போவட்டும். மூணு நாள் கழிச்சு வாங்க. பெரியவரே, நீங்களும்தான்."

சாவியோ எழுந்து வேட்டியை இறுக்கினார். "எனக்குப் பாதி இருட்டு, உன் வூட்டம்மாவுக்குப் பாதி வெளிச்சம். நல்லா பிரிச்ச நைனா பங்கு."

வெளியே வந்ததும் ராமதாஸ் துண்டால் அவள் உதட்டைத் துடைத்தான். காய்ந்துபோன வெள்ளை முழுசாகப் போகவில்லை.

"நீ கடலுக்குப் போய்ட்டு வாய்யா. மூணு நாள்ல நானே வந்து எடுத்துக்கறேன்."

அவன் அவளைப் பின்னால் உட்காரவைத்துப் பைக்கை உதைத்துக் கிளப்பினான். பொழுது சாயும் நேரம். சட்டைப் பையில் போன் அடித்தது. போட்டில் ஐஸ் ஏற்றுகிறார்கள், அவர்கள்தான் கூப்பிடுவார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்பியதும் எதிரே டேங்கர் ஒன்று முழு வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்தது. ரோடு, கடல், பாறைக்கல் எல்லாம் ஒரே வெள்ளையாகின. அவன் வேகத்தைக் குறைத்து, இடது கையைப் பின்னால் விட்டு அவள் முழங்காலைத் தேடினான். எலும்புதான் முதலில் தட்டுப்பட்டது. லாரி கடந்து போன பிறகும் கையை எடுக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.